தன்னை எடுத்துக்கொண்டவன்

பம்ப் ஹவுஸின் பெரிய வால்வுக்கு முன்னால் கவ்ரா குந்தியிருந்தான். கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றைத் திருகுத் தண்டைச் சுற்றிச் செலுத்தி, கட்டையை வைத்துச் சுத்தியலால் இடித்து, தண்டை ஒட்டித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கிற கிளாண்டு உறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். விரல் நுனிகள் குளிரில் வெடித்திருந்தன. வெடிப்புகளுக்குள் மசகு கறுத்துக் கிடந்தது. நெற்றியில் வியர்வை. டிசம்பரில் கால்வாய்ப் பக்கம் வியர்க்கிறவன் ஒன்று காய்ச்சல்காரன், இல்லையென்றால் முட்டாள்.

"வசந்தத்துல செய்யற வேலைடா இது" என்றேன்.

"ஒழுகுது சிஸ்டர்."

"மார்ச் வரைக்கும் ஒழுகட்டுமே."

"உங்களுக்கென்ன, பென்ஷன் வருது. போய் அடுப்புகிட்ட உக்காருங்க."

கவ்ராவிடம் இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது. நான் இந்த ஊரில் வீடு வீடாகப் போகும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யாருக்கு மூச்சு முட்டினாலும் இன்னமும் என் ஜன்னலைத்தான் தட்டுகிறார்கள். நாற்பது வருடமாக அவனைத் தெரியும். பிடித்தது கிடையாது. வணக்கம் சொல்லாதவன் தோட்டத்துக்குத் தண்ணீரைக் கடைசியில் விடுவான். கேட்டால், "மதகு வணக்கம் சொன்னாத்தான் தொறக்கும்" என்பான். ஊரும் அவனை விட்டுவைக்கவில்லை. லாசர் என்று பெயர் வைத்திருந்தது. பைபிளில் செத்துப் பிழைத்த லாசர். காலையில் பிணமாகக் கிடந்து, மதியத்துக்கு மேல் எழுந்து வருகிறவன் என்று அர்த்தம்.

காலையில் அவன் உண்மையிலேயே பிணம் போலத்தான் கிடப்பான். தினமும் இல்லை; விருந்துக்கு மறுநாள், அறுவடை முடிந்த மறுநாள். கண் திறந்திருக்கும், வாய் பேசும், மற்றது எதுவும் நகராது. கை கால் விழுந்தவனை எங்கள் பேச்சில் "தன்னை எடுத்துக்கொண்டான்" என்போம். யாரோ அவனிடமிருந்து எடுத்தார்கள் என்று சொல்வதில்லை. அவனே எடுத்துக்கொண்டான். பாதிப் பழி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மீதியை ஊர் சேர்த்துவிடும்.

படையில் இருந்தபோது ஒரு காலை எழவில்லை என்று ஊசியால் குத்திப் பார்த்தார்கள். இந்த நோயில் அசைவுதான் போகும், உணர்வு போகாது. கத்தினான். கத்துகிறவனுக்கு என்ன வாதம் என்று, எழுந்து நடந்ததும் பிடித்து உள்ளே போட்டார்கள். பிறகு ஒரு பெண்ணை நிச்சயம் செய்தார்கள். பெண் வீட்டு விருந்துக்கு மறுநாள் காலை மாமனாராக வேண்டியவர் அவனைக் கட்டிலில் பார்த்தார். "இதைக் கழுவித் துடைக்கவா எம்பொண்ண வளத்தேன்?" என்று மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் யாரும் பெண் தரவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவன் அப்பாவும் இப்படித்தான் போனார். ஒரு கல்யாணத்தில் ஆடிக் களைத்து, வயிறு முட்ட இனிப்பு தின்று வந்து படுத்தவர் காலையில் எழவில்லை. எங்கள் வீடுகளில் மயக்கமோ பயமோ சாவுச் செய்தியோ, எதற்கும் ஒரே மருந்துதான். ஒரு டம்ளர் தண்ணீர், மூன்று கரண்டி சர்க்கரை. அம்மா கரைத்துக் கரைத்து ஊட்டினாள். மூத்தவன் நெஸ்தோருக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன்தான் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டான். அவர் இன்னும் தளர்ந்தார். ஒரு கரண்டி மூச்சுக்குழாய்க்குள் போனது. இருமக்கூட வலு இல்லை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஊர் அதைக் குடியென்று சொல்லிப் புதைத்தது.

கவ்ராவுக்கு என்ன நோய் என்று தெரிந்தது அவன் நாற்பதைத் தாண்டிய பிறகு. கால் முறிந்து நோவி சாத் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு காலை அங்கேயே கை கால் விழுந்தது. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் அதலபாதாளத்தில் இருந்தது. மரபணுவைச் சோதிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்கப் போக அவனுக்கு வேறு ஆள் இல்லாததால் நான் கூடப் போனேன்.

டாக்டர் ஒலிவேரா பொறுமைசாலி. ஒரு படம் வரைந்தார்.

"தசையோட தோல்ல நிறையக் கதவு இருக்கு. மின்சாரம் மாறினா தொறக்கும். மாறினதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கதவுலயும் தண்டு இருக்கு. அது தன் உறைக்குள்ள மேலயும் கீழயும் நகரும். உறைக்கும் தண்டுக்கும் நடுவுல ஒண்ணும் போகக் கூடாது. உங்க குடும்பத்துல அந்தத் தண்டுல கோத்திருக்கிற மணி ஒண்ணு மாறிப்போச்சு. அதனால கதவு மூடியிருக்கும்போதே தண்டை ஒட்டி இன்னொரு வழியா மின்னேத்தம் உள்ள கசியுது."

"கதவு ஒழுகல?"

"கதவு ஒழுகல. நாங்களும் ரொம்ப வருஷமா கதவைத்தான் பாத்துட்டிருந்தோம்."

"கிளாண்டு போயிருச்சு" என்றான் கவ்ரா. "கயிறு வெச்சு இடிச்சு இறுக்குங்க."

"அந்தச் சந்துல போற மாதிரி கயிறு இன்னும் யாரும் திரிக்கலை."

மற்றதையும் சொன்னார். கசிவு சின்னது. சாதாரண நாளில் தசை அதைச் சமாளித்துக்கொள்ளும். இனிப்போ மாவோ நிறையத் தின்றால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கடுமையாக உழைத்துவிட்டு அசையாமல் படுத்தாலும் அதேதான். அப்போது கசிவின் கை ஓங்கிவிடும். தசையின் மின்சாரம் அரைகுறை மட்டத்தில் சிக்கும், கதவுகள் பூட்டிக்கொள்ளும், மூளை எத்தனை கத்தினாலும் தசைக்குக் கேட்காது. தினம் ஒரு மாத்திரை. கை கால் விழுந்தால் பொட்டாசியம் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சர்க்கரை மட்டும் ஆகாது. பெற்றவரிடமிருந்து வருவது, சிலரிடம் வெளியே தெரியாமலே பிள்ளைக்குப் போகும். அண்ணன் வீட்டிலும் சோதிக்கச் சொன்னார்.

இதைப் பக்குவமாகச் சொல்ல எத்தனையோ வழி உண்டு. கவ்ரா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நெஸ்தோரின் முற்றத்துக்குப் போனான். அண்ணி ஸ்தானா, அண்ணன் மகள் யாஸ்னா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னான்:

"அப்பாவைக் கொன்னது குடியில்ல. அம்மா ஊத்தின சர்க்கரைத் தண்ணி. தலையைப் புடிச்சது நீ."

நெஸ்தோர் மண்வெட்டிக் காம்பால் அடித்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் இடத்தில் நானாக இருந்தாலும் அடித்திருப்பேன். முழங்கைக்கு மேல் கட்டுப் போட்டுவிட்டு கவ்ராவிடம் அதையே சொன்னேன். அதோடு அந்த வீட்டுக் கதவு அவனுக்குச் சாத்தப்பட்டது. அம்மாவைக் கொலைகாரி என்றவன் என்று ஊர் பேசியது. லாசரை விட அது கெட்ட பெயர்.

போன இலையுதிர் காலத்தில் யாஸ்னாவுக்கு ஆரம்பித்தது. பதினாறு வயது. பள்ளியில் கைப்பந்து ஆடுகிறவள். ஒரு நாள் முழுக்கப் போட்டி, சாயங்காலம் தோழியின் பிறந்தநாள் கேக். காலையில் எழவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் ஸ்தானா இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டியிருந்தாள். பெண்ணின் உதடு நீலமாக இருந்தது, தொண்டையில் களகளவென்று சத்தம். ஒருக்களித்துப் போட்டு, வாயைத் துடைத்து, முதுகில் தட்டி வடியவிட்டேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் அவளுடைய தாத்தா கதைதான். உள்ளூர் டாக்டரும் நோவி சாத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பதினெட்டு ஆகாத பெண். தகப்பன் சம்மதிக்க வேண்டும்.

"நரம்புத் தளர்ச்சி" என்றான் நெஸ்தோர். "வயசுப் பொண்ணு. அந்த லாசரைப் பாத்துக் கத்துக்கிட்டா."

"கத்துக்கிட்டு உதடு நீலமாகாது."

"சிஸ்டர், நீங்க ஊசி போடுங்க, குடும்ப விஷயம் பேசாதீங்க."

அவன் ஏன் மறுத்தான் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு அந்த நோய் என்றால் செத்துப்போன அவன் அப்பாவுக்கும் அதே நோய். அப்பாவுக்கு அதே நோய் என்றால் சர்க்கரைத் தண்ணீரும் உண்மை, அவன் பிடித்த தலையும் உண்மை. அந்த உண்மையை வாங்கிக்கொள்வதற்குப் பதிலாக மகளைக் கட்டிலில் விட்டுவைத்திருந்தான். கட்டிலின் தலைமாட்டில் ஸ்தானா சர்க்கரை டப்பாவையும் கரண்டியையும் தயாராக வைத்திருந்தாள். நான் எடுத்து அப்பால் வைத்தால் மறுநாள் திரும்ப அங்கேயே இருக்கும்.

கவ்ரா வால்வை இடித்துக்கொண்டிருந்த அந்த டிசம்பர் நாள் அவர்கள் வீட்டுப் புனிதரின் நாள், புனித நிக்கோலா. இந்த நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவன் வருவான். வந்தவனை, பகையாளியாக இருந்தாலும், வாசலில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் புனிதரையே நிறுத்தியதாக ஆகும். நுழைந்ததும் தட்டில் வேகவைத்த கோதுமை, அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்து அரைத்தது. செத்தவர்களுக்கும் புனிதருக்கும் படைத்தது. சிலுவைக்குறி போட்டு ஒரு கரண்டி எடுக்க வேண்டும். மறுக்கக் கூடாது. இதற்குப் பயந்துதான் கவ்ரா அந்த நாளில் எந்த வீட்டுக்கும் போவதில்லை.

சாயங்காலம் நான் அங்கே மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்தான். சட்டைக் கையில் மசகு. விருந்து மேசையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"புனிதர் நாள் வாழ்த்து, அண்ணா."

 வேறு வழியில்லாமல் நெஸ்தோர் எழுந்து கை கொடுத்தான். ஸ்தானா கோதுமைத் தட்டை நீட்டினாள். கவ்ரா சிலுவைக்குறி போட்டு ஒரு கரண்டி தின்றான். இன்னொன்று. இன்னொன்று.

"என்ன தம்பி, விஷத்தை அள்ளித் திங்கறே?" என்றான் நெஸ்தோர்.

"இன்னும் இருக்கா அண்ணி? நிறையப் போடுங்க."

யாரோ சிரித்தார்கள். கவ்ரா தட்டை மேசையில் வைத்தான்.

"இன்னிக்கு இங்க கேக்கும் இதையும் தின்னுட்டு இங்கயே படுக்கறேன். காலைல நீ வந்து என்னை எழுப்பு. நான் எழுந்தா, அம்மா கல்லறையில மண்டி போட்டு, ஊர் முன்னால நான் பொய்யன்னு சொல்றேன். எழலைன்னா யாஸ்னா உன் கார்ல நோவி சாத்துக்குப் போறா. நீ ஓட்டறே."

"நடிப்புக்கு அரங்கம் கேக்கறான் பாருங்க!"

"பயமா இருந்தா வேண்டாம்."

பக்கத்து வீட்டுக் கிழவர் மேசையைத் தட்டினார். "ஒத்துக்கோ நெஸ்தோர்! லாசரோட வேஷத்தை ஒருநாள் கலைச்சுப் பாத்துடலாம்!"

நெஸ்தோர் கிளாஸை உயர்த்தினான். "சரி. கல்லறைக்கு முட்டி போட பழைய பேன்ட்டா போட்டுட்டு வந்திருக்கியா?"

நான் கவ்ராவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

"உனக்குப் புத்தி இருக்கா? மாத்திரை எப்ப போட்டே?"

"அஞ்சு நாளா போடல."

அப்போதுதான் அந்த வால்வு வேலை எனக்குப் புரிந்தது. காலையிலிருந்து இடித்துத் தள்ளியது ஒழுகலுக்காக இல்லை. உழைப்பு, அப்புறம் இனிப்பு, அப்புறம் படுக்கை. டாக்டர் எதையெல்லாம் கூடாது என்றாரோ அதையெல்லாம் வரிசையாகச் செய்திருந்தான்.

"மூச்சுத் தசையும் விழுந்தா?"

"எனக்கு இதுவரைக்கும் விழுந்ததில்ல."

"உங்கப்பனுக்கும் அதுவரைக்கும் விழுந்திருக்காது."

"அந்தப் பொண்ணுக்கு அடுத்த தடவை விழும். நீங்க பக்கத்துத் தெருவுல இருப்பீங்களா, சந்தைக்குப் போயிருப்பீங்களா?" கேக்கில் ஒரு பெரிய துண்டை வாயில் திணித்தான். "என்னைத் திட்ட நேரம் இருந்தா பொட்டாசியப் பொட்டலம் கோட்டுப் பையில இருக்கு, எடுத்து வைங்க."

செய்யாதே என்று இன்னும் இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை. கேட்காதவனிடம் மூன்றாம் முறை சொல்வது நேர விரயம். ஆம்புலன்சுக்காரர்களுக்கு போன் செய்து என்ன நோயாளி, எந்த வீடு என்று சொல்லிவைத்தேன். மூச்சு மாறினால் பந்தயமும் கிடையாது, புனிதரும் கிடையாது, உடனே கூப்பிடுவேன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேரிடமும் சொன்னேன். கவ்ராவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவன் மூச்சு இரவு முழுக்க ஒழுங்காக இருந்தது. குறட்டை மட்டும் சகிக்கவில்லை.

காலையில் நெஸ்தோர் வந்தான். ஸ்தானாவும் யாஸ்னாவும் வாசற்படியில் நின்றார்கள்.

"எழுந்திருடா லாசர்!"

"எங்க எழுந்திருக்கறது, மாடே" என்றான் கவ்ரா. கண் மட்டும் உருண்டது. "காது கேக்குது, மூக்கும் வேலை செய்யுது. நேத்து மீனை நீ தேச்சுக் கழுவலை."

நெஸ்தோர் அவன் கையைத் தூக்கி விட்டான். ஈரத்துணி மாதிரி விழுந்தது. "நானும் இப்படிப் போடுவேன்" என்று தன் கையைத் தொப்பென்று விட்டுக் காட்டினான். தொடையைக் கிள்ளினான். கவ்ரா அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். இரண்டு பேருக்கும் ஒரே பரம்பரை என்பது இருவருக்கும் அப்போது நினைவில்லை.

"பாத்தீங்களா சிஸ்டர்? வலிக்குது. வலிக்கிறவனுக்கு வாதமா?"

"நீ உக்காரு நெஸ்தோர்" என்றேன். "காலைத் தொங்கவிடு."

கோதுமை கிண்டிய மரக்கரண்டியை ஸ்தானாவிடம் வாங்கி, அவன் முட்டிச் சிப்பிக்குக் கீழே தட்டினேன். கால் துள்ளியது.

"துள்ளாம நிறுத்து பாக்கலாம்." மறுபடி தட்டினேன், துள்ளியது. "நடிக்கிறவன் கையைத் தொப்புனு போடலாம். இதை நடிக்க முடியாது. இது உன்னைக் கேட்டுட்டு நடக்கறதில்ல."

கவ்ராவின் முட்டிக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, கரண்டியை நெஸ்தோரிடமே கொடுத்தேன். அவன் தட்டினான். ஒன்றுமில்லை. பலமாகத் தட்டினான். ஒன்றுமில்லை. மற்ற முட்டி. கவ்ரா, "மண்வெட்டிக் காம்பு கொண்டுவா, அதுல உனக்குப் பழக்கம்" என்றான். நெஸ்தோர் தன் முட்டியில் ஒரு தடவை, தம்பி முட்டியில் ஒரு தடவை என்று மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தான். கரண்டியை நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

"எனக்கும் இப்படித்தான்ப்பா" என்றாள் யாஸ்னா. "நீங்க கத்தறது கேக்கும். எழுந்திருக்கணும்னுதான் இருக்கும்."

நெஸ்தோரின் முகம் வெளிறியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஸ்தானா ஓடிப்போய் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே வந்தாள்.

"அவனுக்குத்தானே அண்ணி?" என்றான் கவ்ரா. "எனக்குக் கொண்டுவந்தா கடிச்சிடுவேன்."

ஸ்தானா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். அவளே அதைக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

நான் பொட்டாசியத்தை வெறும் தண்ணீரில் கரைத்தேன். கரண்டியால் கொடுக்க வேண்டும், தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நெஸ்தோர் எழுந்து வந்து தம்பியின் தலையைக் கையில் எடுத்தான், பின்னால் சாய்த்தான்.

"சாய்க்காதே. சாய்ச்சா மூச்சுக்குழாய்க்குள்ள போகும். தோளோட தூக்கு. முகவாய் நெஞ்சுப் பக்கம். ஒரு கரண்டி, முழுங்கறானா பாரு, அப்புறம் அடுத்தது."

அவன் மாற்றிப் பிடித்தான். மூன்றாவது கரண்டி உள்ளே போனதும் சொன்னான்:

"அப்பாவுக்குச் சாய்ச்சுத்தான் புடிச்சேன். அம்மா அப்படித்தான் புடிக்கச் சொன்னாங்க."

கவ்ராவிடமிருந்து ஒரு திட்டை எதிர்பார்த்தேன். அவன் கரண்டியில் இருந்ததை விழுங்கினான். அடுத்ததையும் விழுங்கினான். டம்ளர் தீர்ந்தது.

"இது குதிரை மூத்திரம் மாதிரி இருக்கு" என்றான் கடைசியில்.

"வாயை மூடு. உன்னை நான் மன்னிக்கல. அம்மாவைப் பத்திச் சொன்னதுக்கு மன்னிக்கவே மாட்டேன்."

"யாரு கேட்டா? காரை எடு."

நெஸ்தோர் அவன் வாயைத் தன் சட்டைக் கையால் துடைத்தான், மென்மையாக ஒன்றும் இல்லை, மேசை துடைப்பது போல. தலையணையை நான் சொன்னபடி வைத்தான். யாஸ்னாவைக் கோட்டு போட்டுக்கொள்ளச் சொன்னான். பிறகு அவள் அறைக்குப் போய், தலைமாட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து, சமையலறை அலமாரியின் உச்சியில், ஸ்தானாவின் கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். குளிரில் கார் மூன்று தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பியது.